நாலாம் பெட்டியும் கெளுத்தி இரையும்

மூக்கு என்ற உறுப்பு கண்ணாடி தங்குவதற்காக வைக்கப்பட்டது என்றே இருபத்தாறு வயது வரை நம்பி வாழ்ந்தவன் நான். பிறந்ததிலிருந்தே சளி. நாவலப்பிட்டியில் மழை பெய்யாத நாட்களை எண்ணினாலும் எண்ணலாம், என் மூக்கு அடைக்காத நாட்களை எண்ண முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை செத்த எலியைத் தேடி வகுப்பே மேசைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த எலி கிடந்த இடத்துக்கு மேலேயே கதிரையைப் போட்டு நிம்மதியாகக் கணக்குச் செய்துகொண்டிருந்தவன் நான்தான்.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போகும் காரியத்தை, மூக்குள்ள மனிதன் எவனும் செய்திருக்க மாட்டான்.

பத்து வருடத்துக்கு முந்திய கதை. புசல்லாவையில் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் தோட்டப் பாதை ஒன்றின் முடிவில் இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குக் கிளாக்கர் வேலை. வரவுப் பதிவேடு எழுதுவது, கடிதம் டைப் பண்ணுவது, தொரை கூப்பிட்டால் ஓடுவது. (மனேஜரை மலையகத்தில் இன்னும் தொரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.) இவை போக எனக்கு ஒரே ஒரு திறமை இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகைகள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

அவற்றில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட பலகை சல்லடைக் காம்பரா வாசலில் இருந்தது. காய்ந்த தேயிலையைச் சலித்து, தரம் பிரித்து, பெரிய மரப்பெட்டிகளில் கொட்டி வைக்கும் அறை அது. ‘மணமுள்ள எந்தப் பொருளையும் இதற்கு அப்பால் கொண்டு செல்லக் கூடாது’ என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, சுற்றிவர ஒரு பச்சைக் கோடும் போட்டிருந்தேன்.

காய்ந்த தேயிலைக்கு அப்படி ஒரு குணம். பக்கத்தில் எந்த மணம் இருந்தாலும் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். செண்ட், சோப்பு, கருவாடு, மல்லிகை எதையும் விடாது. அதனால் அங்கே வேலை செய்த பதினான்கு பெண்களும் சோற்றுப் பெட்டியை வெளியிலேயே வைத்துவிடுவார்கள். தலையில் இருக்கும் பூவையும் கழற்றி, பலகைக்குக் கீழே கட்டியிருந்த கம்பியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்காள் தன் சரத்தை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்குத் தலைவி மல்லிகா அக்கா. ஒற்றை ரோஜாதான் வைப்பார். அதையும் தினமும் கழற்றுவார்.

இத்தனை பேரும் மதித்த பலகையை மதிக்காத ஒரே ஆள், அதை எழுதியவன்.

இனி தர்ஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெல்தோட்டைப் பக்கம். அம்மா கொழுந்து பறிப்பவர். படித்து முன்னுக்கு வந்து எங்கள் தொழிற்சாலையில் உதவி டீ மேக்கராகச் சேர்ந்திருந்தார். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தேயிலையாகப் பெட்டியில் விழுவது வரை பார்த்துக்கொள்வது டீ மேக்கரின் பொறுப்பு. பெரிய டீ மேக்கர் ராஜலிங்கம் ஐயா அந்த வேலையில் தலை நரைத்தவர். கையில் கடிகாரம், சுவரில் வெப்பமானி, சட்டைப்பையில் குறிப்புப் புத்தகம் என்று முழு ஆயுதத்தோடு நடப்பார். தர்ஷினியிடம் ஒரு கைக்குட்டை மட்டும் இருக்கும்.

உருட்டிய கொழுந்து தரையில் பரப்பி நிறம் மாறிக்கொண்டிருக்கும்போது ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். “இன்னும் நாலு நிமிஷம் சேர்” என்பார். ராஜலிங்கம் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பார், வெப்பமானியைப் பார்ப்பார், புத்தகத்தைப் புரட்டுவார், பிறகு “இன்னும் நாலு நிமிஷம் விடுங்கப்பா” என்று ஆட்களிடம் சொல்வார். தேயிலை சுவைக்கும் நாட்களில் தர்ஷினி வெங்காயம் சேர்க்க மாட்டார், பவுடர் போட மாட்டார். காலையில் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் மட்டும். பஸ் புகை வந்தால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் காப்பாற்றுவதுபோல் ஓரமாக ஒதுங்குவார்.

எனக்கு அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் மூன்று முறை கையெழுத்து வாங்கிய பதிவேடு இலங்கையில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அவரும் ஒன்றும் கேட்காமல் போட்டுத் தருவார். (விசாரிக்கவில்லை என்பதை நான் அப்போது ‘கவனிக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டேன். மூக்கோடு சேர்த்து மூளையிலும் அடைப்பு.)

அந்த மாதத்தோடு அவருடைய தகுதிகாண் காலம் முடிகிறது. கடைசிச் சோதனையாக ஒரு கிழமைத் தேயிலையை (ஒரு வாரத்து உற்பத்தியை) முழுக்க முழுக்க அவர் பொறுப்பில் விட்டார்கள். தொரை அதைச் சுவைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெல்தோட்டைக்குப் போக வேண்டியதுதான். அதுவரை எங்கள் பக்கத்தில் ஒரு பெண் டீ மேக்கர் வேலை பார்த்ததில்லை. ‘என்னா செய்யுதுன்னு பாப்போம்’ என்று சுற்றுவட்டாரத்தில் பல பேர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கெளுத்திப் பைத்தியம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கம்பளைக்கு இறங்கி, மகாவலியில் மீன் பிடிக்கப் போவேன். பிடிக்க என்பது அதிகம், போவேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி ஃபாரூக் நானா. கம்பளையில் தையல் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கல்லில் உட்காருவோம், ஒரே டப்பாவிலிருந்து மண்புழு எடுப்போம், ஒரே ஆற்றில் தூண்டில் போடுவோம். அவருக்குக் கெளுத்தி வரும். எனக்கு ஒரு தடவை செருப்பு வந்தது.

“மீனுக்கு ஒங்கள்ள விருப்பமில்ல தம்பி. என்ன செய்ற?” என்பார் நானா.

அவமானம் பொறுக்காமல் ஃபோனில் வீடியோ தேடினேன். எந்த நாட்டுக்காரரோ, பெரிய தாடியும் தொப்பியுமாக ஒருவர் விளக்கினார். கெளுத்திக்குக் கண் அவ்வளவு தெரியாது. கலங்கல் தண்ணீரில் மணத்தைப் பிடித்துத்தான் வரும். அதன் மீசையிலும் உடம்பு முழுக்கவும் ருசி தெரியும். ஆகவே மணக்க மணக்க இரை செய்து போட்டால் ஆற்றின் அந்தக் கரையிலிருந்துகூட வந்துவிடும். உடம்பெல்லாம் மூக்காக ஒரு ஜீவன்! எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அவர் சொன்ன சாமான்களில் பாதி புசல்லாவைக் கடைகளில் கிடைக்காது. அதனால் நானே மாற்றி எழுதினேன். கோழி ஈரல் அவித்து மசித்தது, மாசிக் கருவாட்டுத் தூள், பச்சைப் பூண்டு, பெருஞ்சீரகம், பெருங்காயம். எல்லாவற்றையும் கோதுமை மாவில் போட்டுப் பிசைய வேண்டியது. கடைசியில் என் சொந்தக் கண்டுபிடிப்பாக இரண்டு மூடி வனிலா எசன்ஸ். (ஏன் என்று கேட்காதீர்கள். கேக்கில் போடுகிறார்களே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.) குவாட்டர்ஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிசைந்து, நெல்லிக்காய் அளவில் நாற்பது உருண்டை பிடித்தேன். அந்தத் தோட்டத்தில் இருப்பதே தெரியாத பூனைகளெல்லாம் அன்று என் வாசலில் வந்து உட்கார்ந்தன. பக்கத்துக் குவாட்டர்ஸில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உருண்டைகளை மூன்று நாள் இளஞ்சூட்டில் காயவைக்க வேண்டும், அப்போதுதான் மேலே தோல் கட்டித் தண்ணீரில் கரையாமல் நிற்கும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். அவர் புசல்லாவையில் ஆடி மாத மழையைப் பார்த்தவரில்லை. போன மாதம் துவைத்த என் துவாயே அப்போது ஈரமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் உருண்டைகளில் பூஞ்சணம் எட்டிப் பார்த்தது. அதைச் சுரண்டிக்கொண்டே யோசித்தேன். இந்த ஊரில் எந்த மழைக்கும் காய்ந்து, கதகதப்பாக, காற்றோட்டமாக இருக்கும் இடம் எது?

அது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். வாசலில் பலகை எழுதியவனே நான்.

சல்லடைக் காம்பராவின் மூலையில் நாலாம் பெட்டி. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை காயவைக்கும் ட்ரையர் ஓடுவதால் சுவரே வெதுவெதுப்பாக இருக்கும். உருண்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். ஈரம் வெளியே போக மூடியில் ஆணியால் இருபது ஓட்டை போட்டேன். ஈரம் போகிற ஓட்டையால் மணமும் போகும் என்று தோன்றவில்லை. மணம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே என் ஞாபகத்தில் இல்லாத விஷயம்.

புதன்கிழமை, பெண்கள் பகல் சாப்பாட்டுக்குப் போன நேரம், டின்னோடு போனேன். வாசலில் ஒரு நிமிடம் நின்றேன் என்பதும் உண்மை. பயத்தில் அல்ல. ‘மணமுள்ள’ என்ற சொல்லில் கடைசி எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது. அடுத்த தடவை பெயின்ட் எடுக்கும்போது திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, டின்னை அக்குளில் இடுக்கியபடி அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போனேன்.

சனிக்கிழமை எடுத்துக்கொண்டு ஞாயிறு ஆற்றுக்குப் போவதாகத் திட்டம். ஆனால் சனிக்கிழமை ஃபாரூக் நானா அழைத்து, ஆறு பெருகிவிட்டது, வர வேண்டாம் என்றார். நல்லதாகப் போயிற்று, இன்னும் ஒரு கிழமை காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தர்ஷினியின் தேயிலையைச் சுவைத்தார்கள்.

நீள மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். பெட்டிக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. தொரை, ராஜலிங்கம் ஐயா, தர்ஷினி மூவரும் மேசையருகே. சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள நான் ஓரத்தில் கதிரையில். தொரை கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பினார். முதலாம் பெட்டி. “நல்லா இருக்கு.” இரண்டாம் பெட்டி. “நல்லா இருக்கு.” அவர் வாயிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

நாலாவதை உறிஞ்சினார். உருட்டவில்லை. உடனே துப்பினார். கோப்பைக்குள் ஏதாவது விழுந்துகிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு ராஜலிங்கம் ஐயாவின் பக்கம் கோப்பையைத் தள்ளினார். ஐயா உறிஞ்சினார். அவர் முகம் போன போக்கை எழுத முடியாது.

“என்னாம்மா இது?” என்று தர்ஷினியிடம் கேட்டார்.

தர்ஷினி வாயைத் திறப்பதற்குள் ஐயா கதவருகே போய்ச் சல்லடைக் காம்பராப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார். பதினான்கு பேரும் வந்து தூறலில் நின்றார்கள்.

“எவ பூவ உள்ள கொண்டுபோனது? இல்ல தலைக்கி என்னா எண்ண வச்சிருக்கீங்க?”

“எங்க பூவெல்லாம் கம்பியில தொங்குது ஐயா. வந்து எண்ணிப் பாத்துக்கங்க” என்றார் மல்லிகா அக்கா. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

“உண்ம தெரியற வரைக்கும் ஒருத்தியும் உள்ள போகக் கூடாது.”

அப்போதுகூட எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், யாரோ பூ வைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

“சேர், ஒரு நிமிஷம்” என்றார் தர்ஷினி. “இது பூ இல்ல.”

நாலாம் கோப்பையை எடுத்தார். கரண்டியை உதட்டில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“மாசி” என்றார். “தூளாக்குன மாசி.”

சொல்வதையெல்லாம் எழுதுவது என் வேலை. ‘மாசி, தூள்’ என்று எழுதினேன்.

“பூண்டு. வதக்கல, பச்ச.”

எழுதினேன். எங்கேயோ கேட்ட பட்டியல்போல் இருந்தது.

“பெருஞ்சீரகம். பெருங்காயம்.” இன்னொரு கரண்டி. “ஈரல். கோழி ஈரல். அவிச்சிருக்காங்க.”

“இது தேத்தண்ணியா கொழம்பா?” என்றார் தொரை.

என் பேனா நின்றுவிட்டது. என்னுடைய இரையை, என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்த இரையை, ஒரு கரண்டித் தேத்தண்ணியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண். எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது. அப்படி ஒரு வித்தையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“இன்னொன்னு இருக்கு சேர்.” புருவம் சுருங்கியது. மூன்றாவது கரண்டி. “வனிலா. இது மட்டும் ஏன்னு எனக்கு வெளங்கல.”

“வனிலாவா?” ராஜலிங்கம் ஐயா கத்தினார். “எந்தப் பைத்தியக்காரன் ஈரல்ல வனிலா போட்டான்?”

அதையும் எழுதிக்கொண்டேன்.

“அர மணித்தியாலம் தாங்க சேர். அந்தச் சாமான் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாறேன்” என்று தர்ஷினி வெளியே போனார். உதவி செய்வதுபோல் நானும் பின்னால் போனேன். நடைபாதையில் யாரும் இல்லாத இடத்தில் சட்டென்று நின்று திரும்பினார்.

“மோகன். போன செவ்வாக்கெழம நீங்க கொண்டு வந்த பதிவேடு பெருஞ்சீரகம் மணத்துச்சு. புதன்கெழம மாசி மணத்துச்சு.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

“நீங்க நல்லா சமைப்பீங்க போலன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த வாக்கியம்தான் என்னை உடைத்துவிட்டது. இத்தனை நாளும் என்னைப் பற்றி ஏதோ ஒன்று, அதுவும் நல்லதாக, நினைத்திருக்கிறார். அதையும் நானே கெடுத்துவிட்டேன்.

“தர்ஷினி, அது வந்து... மீனுக்கு...”

“எதுக்கோ இருக்கட்டும். நா மோந்துக்கிட்டே போயி அத எடுத்துருவேன். எடுத்தா யாருதுன்னும் சொல்லிருவேன், மறைக்க மாட்டேன். அதுக்கு முந்தி நீங்களே போயிச் சொல்லிட்டா நல்லது. வெளியில பதினாலு பேரு நனஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க.”

அவர் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். வீரனாக உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நுவரெலியாவிலிருந்து வரும் கண்டி பஸ் எத்தனை மணிக்குக் கீழே ரோட்டைத் தாண்டும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்வது வரை மனசுக்குள் போய்விட்டேன். அப்போது வாசல் வழியாகப் பெண்கள் தெரிந்தார்கள். சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, என்னுடைய பலகைக்குக் கீழேயே கூட்டமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். கம்பியில் அவர்களுடைய பூச்சரங்கள். மல்லிகா அக்காவின் ரோஜாவும் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

உள்ளே போய் தொரை முன்னால் நின்றேன்.

“சேர், அது என்னோட கெளுத்தி.”

“என்னாது?”

“கெளுத்தி இல்ல சேர். கெளுத்திக்குச் சாப்பாடு.”

முழுவதையும் சொன்னேன். தாடிக்காரர், உருண்டை, மழை, இருபது ஓட்டை எல்லாம். ராஜலிங்கம் ஐயா தலையில் கைவைத்துக்கொண்டு என் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொரை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாசல்ல இருக்கிற போர்ட எழுதுனது யாரு?”

“நான்தான் சேர்.”

“மூணு பாஷையிலயும்?”

“ஆமா சேர்.”

“அதுல எந்தப் பாஷ ஒனக்குப் புரியல?”

அந்த நேரம் தர்ஷினி டின்னைக் கையை நீட்டித் தூரப் பிடித்தபடி உள்ளே வந்தார். அரை மணித்தியாலம் கேட்டவர் ஏழு நிமிடத்தில் வந்துவிட்டார். நான் ஏற்கெனவே சொல்லிவிட்டதை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். டின்னை வாசலுக்கு வெளியே வைத்தார். மணத்தையெல்லாம் தேயிலை உடனுக்குடன் இழுத்துக்கொண்டதால்தான் உள்ளே வேலை செய்த யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நேராக வேலையைப் பற்றிப் பேசினார்.

தொரை அந்தக் கிழமைத் தேயிலையை மொத்தமாக ஒதுக்கிவிடுவது என்று இருந்தார். தர்ஷினி ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டது நாலாம் பெட்டியும் மூன்றாம் பெட்டியில் ஒரு ஓரமும்தான், மற்றதெல்லாம் சுத்தம், பிரித்துக் காட்டுகிறேன் என்றார்.

பிரித்தும் காட்டினார். அன்று முழுவதும் ஒவ்வொரு பெட்டியிலும் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கி முகர்ந்தார். இருபது பிடிக்கு ஒரு தடவை வெளியே போய் மரங்களுக்குக் கீழே நின்று மூக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வருவார். சாப்பிடவில்லை. சாப்பிட்டால் மூக்கு மழுங்கிவிடுமாம். பெண்கள் அள்ளிக் கொடுத்தார்கள். நான் சாக்கு சுமந்தேன். மூன்றாம் பெட்டியில் சுவர்ப் பக்கமாக விரலால் ஒரு கோடு கிழித்து, “இது வரைக்கும்” என்றார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிடி, இந்தப் பக்கம் ஒரு பிடி எடுத்து நானும் முகர்ந்து பார்த்தேன். தும்மல்தான் வந்தது.

ராஜலிங்கம் ஐயா லேசில் நம்புகிறவரில்லை. தர்ஷினியை வெளியே அனுப்பிவிட்டு, சுத்தமான தேயிலையில் ஆறு கோப்பையும் கெட்டதில் இரண்டும் ஊற்றி, கலைத்து வைத்தார். தர்ஷினி வந்தார். மேசையோரமாக ஒரே நடை. கரண்டியை எடுக்கவே இல்லை. ஆவியிலேயே இரண்டையும் பிடித்துத் தனியே தள்ளிவைத்தார்.

ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னு எழுதிக்கங்க கிளாக்கர்” என்றார். எழுதினேன். என் கையெழுத்து அன்று கொஞ்சம் கோணலாக இருந்தது, கண் கலங்கியிருந்ததால்.

அடுத்த நாள் தர்ஷினியின் நியமனக் கடிதத்தை நான்தான் டைப் பண்ணினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. எனக்கும் வேலை போகவில்லை. ஆனால் நாலாம் பெட்டித் தேயிலையை விற்கவும் முடியாது, கொட்டவும் மனசு வராது என்பதால், அது முடியும் வரை கிளாக்கர் அதைத்தான் குடிக்க வேண்டும் என்று தொரை உத்தரவு போட்டார். (குடித்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.)

பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்ப வச்சி நாங்க என்னா செய்யறது?” என்றார் மல்லிகா அக்கா. “ஒரு கெழமைக்கி எங்க பூவையெல்லாம் வாங்கிக் கம்பியில மாட்டி, போகும்போது எடுத்துக் குடுங்க.” அப்படியே செய்தேன். எல்லாச் சரமும் எனக்கு ஒன்றுபோல்தான் தெரிந்தது. முதல் நாள் பதினான்கில் ஒன்பதை மாற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை தர்ஷினி ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

“நாளைக்கி ஆத்துக்குப் போறீங்களா?”

“உருண்டையெல்லாம் நல்லா காஞ்சிருக்கு...” என்று இழுத்தேன்.

“அதுல ஒன்னுமே மிச்சமில்ல. மணம் பூராவும் என்னோட தேயிலைக்குள்ள வந்துருச்சி. கெளுத்தி வேணும்னா இதப் போடுங்க.” பொட்டலத்தில் நாலாம் பெட்டித் தூள்.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை முதலில் உருண்டையைத்தான் போட்டேன். இரண்டு மணித்தியாலம் மிதவை அசையவில்லை. ஃபாரூக் நானா ஓர் உருண்டையை வாங்கி முகர்ந்தார்.

“இதுல தேயில மணம்தான் ஈக்கி தம்பி.”

வேறு வழியில்லாமல் பொட்டலத்தைப் பிரித்து, பாண் துண்டில் அந்தத் தூளைப் பிசைந்து தூண்டிலில் கொளுவிப் போட்டேன். நானா ஒரு வெற்றிலை போட்டு முடிக்கவில்லை. தூண்டில் தடி வில்லாக வளைந்தது. இரண்டு பேருமாக இழுத்துக் கரையில் போட்டோம். என் முழங்கை நீளம். மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

“மலநாட்டு மீன்தானே!” என்றார் நானா. “தேத்தண்ணி குடுக்காம வருமா?”

அந்த மீனோடு நேராகப் புசல்லாவைக்குப் போனேன். தர்ஷினி மல்லிகா அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தார். நான் கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே உள்ளிருந்து குரல் வந்தது.

“கெளுத்தி வந்திருக்கு, கூட கிளாக்கரும் வந்திருக்காரு. மொளகா அரைங்க அக்கா.”

அன்று கொறக்காப் புளி போட்டு வைத்த குழம்பின் ருசியை என்னால் சொல்ல முடியாது, மூக்கு அடைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு வாய்க்கும் அதை எனக்கு விளக்கிச் சொன்னார். வாழ்நாள் முழுக்க இப்படி யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

அடுத்த தையில் என் வீட்டார் தெல்தோட்டைக்குப் பேசப் போனார்கள். “மாப்பிள்ளைக்கு ஏதும் கொற இருக்கா?” என்று தர்ஷினியிடம் அவருடைய அம்மா தனியாக விசாரித்திருக்கிறார். “மூக்கு வேல செய்யாது. மத்தபடி செரி. வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்தானேம்மா” என்று பதில் போயிருக்கிறது. (இனிமேலும் ‘அவர்’ என்று எழுதினால் படித்துவிட்டுச் சிரிப்பாள்.)

இப்போது அவள் நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெரிய டீ மேக்கர். ராஜலிங்கம் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது தன் கடிகாரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை மணி பார்க்க மட்டும் பயன்படுத்துகிறாள். நான் வேலை முடிந்து வந்தால் வாசலில் இரண்டு நொடி நிற்க வேண்டும். யார் கடையில் வடை சாப்பிட்டேன், எந்தக் கூட்டாளி பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்தான் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பத்து வருடத்தில் அவளிடம் நான் மறைத்து வெற்றி பெற்ற விஷயம் ஒன்றுகூட இல்லை.

புசல்லாவையில் புதுப் பலகை போட்டபோது பழையதைத் தொரை எங்கள் கலியாணப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். எங்கள் சமையல் குசினி வாசலுக்கு மேலே இன்றும் அது தொங்குகிறது. சாய்ந்த எழுத்து சாய்ந்தபடியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்று பாஷையிலும் படித்துவிட்டு, குசினிக்கு எதற்கு இந்தப் போர்ட் என்று கேட்பார்கள். அதற்காகவே காத்திருந்ததுபோல் தர்ஷினி கரண்டியை வைத்துவிட்டு வந்து, மாசியில் தொடங்கி வனிலா வரை ஒன்று விடாமல் சொல்வாள். கடைசியில் என்னைக் கையால் காட்டி முடிப்பாள்.

“அந்தத் தூளுக்கு மொத்தம் ரெண்டு மாட்டுச்சு. ஒன்ன அன்னைக்கே கொழம்பு வச்சிட்டோம். மத்ததுக்கு இன்னும் நான்தான் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்.”